நஷ்டக் கணக்குக் காட்டினால் போனஸ் கிடையாதா? ஒரு பனியன் கம்பெனி அனுபவம்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் டைம் ஆபீஸில் ஆறு வருடம் வேலை பார்த்தவள் நான். வருகைப் பதிவேடு, ஓவர்டைம் கணக்கு, சனிக்கிழமைச் சம்பளக் கவர் எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போகும். அப்படியிருந்தும், கம்பெனி நஷ்டத்தில் ஓடினால் போனஸ் தரவேண்டுமா என்ற கேள்விக்கு எனக்குச் சரியான பதில் சொல்ல ஓர் ஆள் கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டு ஆடிட்டர் ஒன்று சொன்னார், பஸ்ஸில் கூட வந்த சங்கத்துக்காரர் வேறொன்று சொன்னார், என் சித்தப்பாவோ "கம்பெனியே இல்லாமல் போனால் யாரிடம் கேட்பாய், பேசாமல் இரு" என்றார். கடைசியில் சரியான பதில் மிக எளிமையானதாக இருந்தது. அது தெரிய வருவதற்குள் ஒரு தீபாவளி போய் அடுத்த தீபாவளியும் நெருங்கிவிட்டது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கம்பெனி பொய்யாக நஷ்டம் காட்டியது என்று நான் சொல்லவில்லை. 2022-23 திருப்பூருக்கு உண்மையிலேயே மோசமான வருடம். 2022 மே மாதம் பஞ்சு விலை ஒரு கண்டி (சுமார் 356 கிலோ) லட்சம் ரூபாயைத் தாண்டியது. நூல் விலை ஏறினாலும் ஐரோப்பாக்காரன் பழைய விலைக்குத்தான் ஆர்டர் கொடுப்பேன் என்றான். செப்டம்பரில் மின்கட்டணமும் உயர்ந்தது. இரண்டு ஷிப்ட் ஓடிய இடத்தில் ஒரு ஷிப்ட், பிறகு வாரத்தில் நாலு நாள் என்று குறைந்துகொண்டே வந்ததை வருகைப் பதிவேட்டில் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். முதலாளி தன் காரை விற்றார். அதனால் அவர்மேல் எனக்குக் கொஞ்சம் பரிதாபம்கூட இருந்தது. அந்தப் பரிதாபம்தான் என் வாயைப் பல மாதம் கட்டிப்போட்டது.

2023 ஜூன் கடைசியில் வேறு கம்பெனியில் இடம் கிடைத்து அங்கே போய்விட்டேன். கிளம்பும் அன்று அச்சடித்த ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். "எனக்கு வரவேண்டிய பாக்கி எதுவும் இல்லை, நிறுவனத்தின் நிதிநிலை கருதி போனஸ் கோரமாட்டேன்" என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டால்தான் கடைசி மாதச் சம்பளம் என்றார்கள், போட்டுக்கொடுத்தேன். வேலையில் இருந்தவர்களிடமும் இதே வாசகத்தை மொத்தமாக ஒரு தாளில் எழுதி வாங்கியிருந்தார்கள்.

அந்த வருடம் தீபாவளி நவம்பர் 12. அதற்கு முந்தைய வாரம் செக்கிங்கில் இருக்கும் ஓர் அக்கா போன் செய்து, இந்தமுறை ஒரு கிலோ இனிப்புப் பெட்டியோடு அனுப்பிவிட்டார்கள் என்று அழுதார். தேனிக்கும் மதுரைக்கும் ஊருக்குப் போகிறவர்கள் போனஸை நம்பித்தான் துணி எடுப்பார்கள், சீட்டுப் பணம் கட்டுவார்கள். நானும் அதை நம்பியே மகளின் பள்ளிக் கட்டணத்துக்குப் பத்தாயிரம் ரூபாய் மூன்று வட்டிக்கு வாங்கியிருந்தேன். மேனேஜருக்கு போன் செய்தேன். "அம்மணி, நஷ்டத்தில் ஓடுகிற கம்பெனியில் போனஸ் எங்கிருந்து வரும்?" என்றார். கொஞ்சம் விடாமல் கேட்டதும் மற்ற காரணங்கள் ஒவ்வொன்றாக வந்தன. வேலையை விட்டுப் போனவர்களுக்குப் போனஸ் கிடையாதாம். 2020-ல்தான் பிரைவேட் லிமிடெட் ஆனோம், புதுக் கம்பெனிக்கு ஐந்து வருடம் போனஸ் தேவையில்லையாம். ஆபீஸ் ஸ்டாஃபுக்குச் சட்டம் பொருந்தாதாம். இப்போது இருபது பேர்கூட இல்லையாம். இவ்வளவு காரணம் கையில் வைத்திருக்கிறார் என்றால் நான்தான் ஏதோ தெரியாமல் கேட்கிறேன் போலிருக்கிறது என்று கூசிப்போய் போனை வைத்தேன்.

ஆடிட்டர் சொன்ன யோசனை, கம்பெனிக்கு லாபம் என்று நிரூபிக்க வேண்டும் என்பது. தொழிலாளர் விவகாரம் பார்க்கும் ஆலோசகர் ஒருவரிடம் அனுப்பினார். அவர் 2,500 ரூபாய் வாங்கிக்கொண்டு நாலு பக்க மனு எழுதித் தந்தார். முதலாளியின் மைத்துனர் பெயரில் இன்னொரு யூனிட், ஏற்றுமதிக்குப் போன கன்டெய்னர்கள், வாங்கிய மனை என்று அதில் எல்லாம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போனேன். புது இடத்தில் அரை நாள் விடுப்பு என்றால் அரை நாள் சம்பளம் போகும். அங்கே எந்த மேசையில் கொடுக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளவே சில நடை ஆனது. 2024 தொடக்கத்தில் ஒருவழியாக மனுவைப் பதிவு செய்தார்கள். பிறகு மக்களவைத் தேர்தல் வந்தது, பாதிப் பேர் தேர்தல் வேலைக்குப் போய்விட்டார்கள், கோப்பு அப்படியே கிடந்தது.

தேர்தல் முடிந்து ஒரு பெண் அதிகாரி அதைப் பிரித்துப் பார்த்தார். "ஏம்மா, அவர்களுடைய லாப நஷ்டத்தைப் பற்றி எதற்கு நாலு பக்கம்? எத்தனை நாள் வேலை செய்தீர்கள், என்ன சம்பளம் வாங்கினீர்கள், அதை ஒரு பக்கத்தில் எழுதுங்கள்" என்றார். எனக்கு முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. ஆனால் விஷயம் அவ்வளவுதான். அப்போது நடைமுறையில் இருந்த 1965-ஆம் ஆண்டு போனஸ் சட்டத்தின் 10-ஆம் பிரிவு, கணக்காண்டில் (எங்களுக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை) போனஸுக்கு ஒதுக்கக்கூடிய உபரி லாபம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சம்பளத்தில் 8.33 சதவீதம் குறைந்தபட்ச போனஸ் கொடுத்தே தீரவேண்டும் என்று சொன்னது. லாபக் கணக்கு தேவைப்படுவது அதற்கு மேலே, 20 சதவீதம் வரை கேட்பதற்குத்தான். அந்தச் சண்டைக்கு இறங்கினால் தணிக்கை செய்யப்பட்ட கம்பெனிக் கணக்கு சரியானது என்றே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். அதைப் பொய் என்று காட்டுவது என்னைப் போன்ற ஆளால் ஆகிற காரியமில்லை. ஆகவே யாராவது உங்களிடம் "லாபத்தை நிரூபி" என்றால் அந்தப் பாதையில் போகாதீர்கள். நஷ்டம் என்றால் நஷ்டமாகவே இருக்கட்டும், 8.33 சதவீதத்தை வையுங்கள் என்று கேளுங்கள்.

முதலாளிமார்கள் இந்த ஏற்பாட்டை எதிர்த்து அந்தக் காலத்திலேயே உச்சநீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். அப்போது குறைந்தபட்சம் 4 சதவீதம். நஷ்டத்திலும் கொடு என்பது நியாயமா என்ற கேள்வியை ஜலான் டிரேடிங் கம்பெனி வழக்கில் 1966-ல் விசாரித்த அரசியல் சாசன அமர்வு, குறைந்தபட்ச போனஸ் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அவ்வளவு தூரம் போகவேண்டாம், நம் ஊர் அரசு பஸ்ஸைப் பாருங்கள். போக்குவரத்துக் கழகங்கள் நஷ்டத்தில் ஓடுவது ஊரறிந்தது. 2023 தீபாவளிக்கு அரசுப் பொதுத்துறை நிறுவனங்களின் சி, டி பிரிவுத் தொழிலாளர்களுக்கு 20 சதவீதம் அறிவித்தார்கள். பத்திரிகையில் அதை 8.33 சதவீதம் போனஸ், 11.67 சதவீதம் கருணைத்தொகை என்று பிரித்துப் போட்டிருந்தார்கள். முதல் பாதி சட்டம், இரண்டாம் பாதி மனசு. எங்கள் முதலாளியிடம் நான் கேட்டது முதல் பாதியை மட்டும்தான்.

சட்டத்தை நன்றாகத் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து விளக்கியதும் மற்ற காரணங்களும் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. வேலையை விட்டுப் போனது தடையே இல்லை. அந்தக் கணக்காண்டில் குறைந்தது 30 வேலை நாட்கள் வேலை செய்திருந்தால் போதும். நான் 2022-23 முழுதும் இருந்தேன். தவிர 2023 ஏப்ரல் முதல் ஜூன் வரை செய்த வேலைக்கு 2023-24 கணக்கிலும் எனக்கு ஒரு பங்கு உண்டு என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். மார்ச்சுக்குப் பிறகு சில மாதம் இருந்துவிட்டு வேலை மாறுகிறவர்கள் இந்தத் துண்டுப் போனஸைக் கேட்பதே இல்லை. மோசடி, திருட்டு, வளாகத்தில் வன்முறை, சொத்தை நாசம் செய்தல் போன்ற குற்றத்துக்காக வெளியேற்றப்பட்டால் மட்டுமே போனஸ் போகும். ராஜினாமா செய்ததற்காகப் போகாது. எழுத்தர் வேலை, மேற்பார்வை வேலை எல்லாமே சட்டத்துக்குள் வரும். பார்க்கவேண்டியது சம்பள உச்சவரம்பை மட்டும். இருபது பேர் என்ற நிபந்தனையும் அந்த ஆண்டில் ஏதாவது ஒரு நாள் இருபது பேர் இருந்தார்களா என்பதுதான். ஒருமுறை சட்டம் பொருந்திவிட்டால் பிறகு ஆள் குறைந்தாலும் விலகாது. ஆள் குறைந்தது எனக்குத் தெரியாதா, பதிவேட்டை எழுதியவளே நான்தானே.

புதுக் கம்பெனி என்ற வாதம்தான் என்னை நிஜமாகவே பயமுறுத்தியது, ஏனென்றால் அதில் பாதி உண்மை இருக்கிறது. புதிதாகத் தொடங்கிய நிறுவனம், முதன்முதலில் பொருளை விற்ற ஆண்டுக்கு அடுத்த ஐந்து கணக்காண்டுகளில், லாபம் வந்த ஆண்டுக்கு மட்டும் போனஸ் கொடுத்தால் போதும் என்று 16-ஆம் பிரிவு சொன்னது. ஆனால் அதே பிரிவின் விளக்கத்தில், இடம், நிர்வாகம், பெயர், உரிமை இவற்றில் எது மாறினாலும் அதனால் மட்டும் ஒரு நிறுவனம் புதியதாகிவிடாது என்றும் இருந்தது. எங்கள் கம்பெனி பங்குதாரர் நிறுவனமாக இருந்து 2020-ல் பிரைவேட் லிமிடெட் ஆனது. அதே கட்டடம், அதே பவர் டேபிள், அதே கட்டிங் மாஸ்டர். அவருடைய பி.எஃப். கணக்கு 2009-லிருந்து ஓடுகிறது. அந்தப் பாஸ்புக் பக்கத்தை அச்சடித்து மனுவோடு வைத்தேன். போர்டை மாற்றியவர்களிடம் மாட்டிக்கொண்டவர்கள் யாராவது இதைப் படித்தால், கம்பெனியிலேயே பழைய ஆள் ஒருவரின் பி.எஃப். அல்லது இ.எஸ்.ஐ. பதிவைத் தேடுங்கள். பழைய பெயர் அச்சான சம்பளச் சீட்டு, அடையாள அட்டைகூட உதவும்.

கையெழுத்துப் போட்டுக்கொடுத்த தாளைப் பற்றி எனக்குத் தூக்கமே வரவில்லை. அதற்கும் சட்டத்திலேயே வழி இருந்தது. குறைந்தபட்ச போனஸை விட்டுக்கொடுப்பதாகத் தொழிலாளர்கள் எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்று 31A பிரிவில் வெளிப்படையாக எழுதியிருந்தார்கள். அந்த வரியை அதிகாரி வாசித்துக் காட்டியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. யாரோ ஒருவர், எப்போதோ, எங்களைப் போல் மிரட்டிக் கையெழுத்து வாங்கப்படுகிறவர்களை நினைத்து அந்த வரியைச் சேர்த்திருக்கிறார். நிதி நெருக்கடியால் விலக்கு வேண்டுமென்றால் அதற்கும் முறை இருக்கிறது. அரசுதான் விலக்கு கொடுக்கவேண்டும். "அரசாணை இருந்தால் ஒரு நகல் கொடுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் மேனேஜரிடம் அதற்குப் பதில் இல்லை.

இனிக் கணக்கு. இதில்தான் தெரிந்தவர்களும் ஏமாறுகிறார்கள். 2015 திருத்தத்தின்படி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து மாதம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் போனஸுக்குத் தகுதி என்பது அப்போதைய விதி. கையில் வாங்கும் மொத்தச் சம்பளத்தை இதில் பார்க்கக்கூடாது. வீட்டு வாடகைப்படி, ஓவர்டைம் எல்லாம் கணக்கில் வராது. மொத்தம் 26,000 வாங்கியதால் தனக்குப் போனஸ் இல்லை என்று எங்கள் கட்டிங் மாஸ்டர் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தார், அவருடைய அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்தால் 21,000-ஐத் தொடவே இல்லை. அடுத்து, போனஸ் கணக்கிடும் தொகை. அது மாதம் 7,000 அல்லது அந்தத் தொழிலுக்கு அரசு அறிவித்த குறைந்தபட்ச ஊதியம், இரண்டில் எது அதிகமோ அது. எல்லாக் கம்பெனியும் 7,000-ஐ மட்டும் பிடித்துக்கொள்ளும். 7,000 என்றால் வருடத்துக்கு 84,000, அதில் 8.33 சதவீதம் 6,997 ரூபாய். உங்கள் பிரிவின் குறைந்தபட்ச ஊதியம் 10,000 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் போனஸ் 9,996 வரும். மூவாயிரம் ரூபாய் வித்தியாசம். தமிழ்நாட்டில் குறைந்தபட்ச ஊதியத்தின் பஞ்சப்படி ஒவ்வொரு ஏப்ரலிலும் மாறுகிறது, ஆகவே எந்தக் கணக்காண்டோ அந்த ஆண்டின் அறிவிப்பைத்தான் எடுக்கவேண்டும்.

பீஸ் ரேட்டில் தைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவர்களுக்கும் போனஸ் உண்டு, ஆனால் நாள் கணக்கில் அடிபடுவார்கள். முறையாக லே-ஆஃப் (வேலை இல்லாததால் தற்காலிகமாக நிறுத்திவைப்பது) அறிவித்த நாட்கள், சம்பளத்தோடு கூடிய விடுப்பு, மகப்பேறு விடுப்பு, வேலையில் காயம்பட்டு இருந்த நாட்கள் எல்லாம் வேலை செய்த நாட்களாகவே எண்ணப்படும். "நாளைக்கு வரவேண்டாம்" என்று வாயால் சொல்லி அனுப்பிய நாட்கள் பதிவேட்டில் ஆப்சென்ட் என்று ஏறிவிடும். அப்படி எழுதச் சொல்லி எனக்கே உத்தரவு வந்திருக்கிறது. வேலை இல்லை என்று சூப்பர்வைசர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை அழித்துவிடாதீர்கள்.

கணக்காண்டு முடிந்து எட்டு மாதத்துக்குள், அதாவது மார்ச்சில் முடிந்தால் நவம்பர் 30-க்குள், போனஸைப் பணமாகக் கொடுக்கவேண்டும். இனிப்புப் பெட்டி போனஸ் ஆகாது. தீபாவளிக்குத் தருவது நம் ஊர் வழக்கம், சட்டத்தின் கெடு நவம்பர் 30. அதனால் தீபாவளிக்கு முன்னால் புகார் கொடுக்கப் போனால் "இன்னும் நாள் இருக்கிறது" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஒரே பக்க மனு போன பிறகு காரியம் நகர்ந்தது. ஆனாலும் தனியாக நின்றது கஷ்டமாகத்தான் இருந்தது. முதலாளிகள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். புதுக் கம்பெனியில் யாராவது என்னைப் பற்றிக் கேட்டால் என்ன ஆகும் என்ற பயம் எப்போதும் இருந்தது. பழைய தோழிகளில் சிலர் போன் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன், அவர்களுக்கு அங்கே இன்னும் வேலை இருந்தது. வேலையை விட்டு வந்த மூன்று பேர் மட்டும் பிறகு என்னோடு கையெழுத்துப் போட்டார்கள். மனுவில் பெயர்கள் கூடியதும் மேனேஜரின் குரல் இறங்கியதைக் கண்ணால் பார்த்தேன். அப்போதிருந்த 1965 சட்டத்தில் தண்டனை ஆறு மாதச் சிறை வரை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்த ஆயிரத்துக்கு எந்த முதலாளியும் பயப்படமாட்டார். அதிகாரி வந்து பதிவேடுகளைப் புரட்டுவாரே என்பதுதான் அவர்களுக்குப் பயம், ஏனென்றால் அதில் போனஸ் மட்டுமா இருக்கிறது.

2024 தீபாவளிக்குச் சில வாரம் முன்பு நான்கு பேருக்கும் ஒப்புக்கொண்டார்கள். எனக்கு 2022-23-க்கு 7,000 ரூபாய் என்று முழுதாக்கி வங்கியில் போட்டார்கள். குறைந்தபட்ச ஊதியத்தின்படி வரவேண்டிய மீதியைத் தர மறுத்துவிட்டார்கள். அதற்குத் தொழிலாளர் நீதிமன்றம்வரை போகவேண்டியிருந்திருக்கும், எனக்குத் தெம்பில்லை. 2023-24-இன் மூன்று மாதப் பங்கு 1,749 ரூபாயைத் தனியாக எழுதிக் கேட்டேன், அதுவும் வந்தது. மனு எழுதியவருக்குக் கொடுத்தது, போன அரை நாட்கள், கடனுக்குக் கட்டிய வட்டி எல்லாவற்றையும் கழித்தால் மிஞ்சியது சொற்பம். அந்த மேனேஜர் மட்டும் இப்போது வழியில் பார்த்தால் "நீங்கள்" என்று பேசுகிறார்.

இதைப் படிப்பவர்களுக்கு நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் ஊதியச் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்து போனஸ் சட்டத்தை உள்வாங்கிக்கொண்டது. பிரிவு எண்கள் மாறிவிட்டன, ஆகவே நான் சொன்ன பழைய எண்களை மனுவில் எழுதாதீர்கள். நஷ்டமானாலும் 8.33 சதவீதம் என்ற விதியும் எட்டு மாதக் கெடுவும் அப்படியே இருக்கின்றன. சம்பள உச்சவரம்பை மட்டும் அரசு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். பாக்கியைக் கேட்க மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. அதற்கென்று நியமித்த அதிகாரியிடம் தனியாளாகவோ சங்கத்தின் மூலமாகவோ மனுச் செய்யலாம். கொடுத்துவிட்டோம் என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியின் தலையில்தான். போனஸும் இனி வங்கிக் கணக்கில்தான் வரவேண்டும். கவரில் கொஞ்சம் போட்டுக் கொடுத்து முழுத்தொகைக்குக் கையெழுத்துக் கேட்டால், வாங்கியது எவ்வளவோ அதையும் தேதியையும் உங்கள் கையாலேயே எழுதிவிட்டுப் போடுங்கள். எழுதவிடமாட்டார்கள் என்றால் அந்தத் தாளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.